தாபோடியும் தபூரியும்: அரசு ஆய்வுப் பதிவுகளில் நில, நீர், உயிரினப் பெயர்கள்

1. முன்னுரை

மகாராட்டிர மாநிலத்தில், புணே நகரின் வடமேற்கே, முளா, பவனா என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் தாபோடி. இராணுவப் பொறியியல் கல்லூரி அமைந்த இடமாக இன்று பலரும் இதனை அறிவர். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வூர் வேறொரு காரணத்தால் பெயர் பெற்றிருந்தது. பம்பாய் மாகாண அரசின் தாவரவியல் தோட்டம் இங்கேதான் இருந்தது. எனினும் அக்காலத்து அரசுப் பதிவுகளில் ‘தாபோடி’ என்னும் பெயரைத் தேடுவோர் அதனைக் காண இயலாது. அங்கு உள்ளது ‘தபூரி’ எனப் படிக்கத்தக்க உரோமன் எழுத்து வடிவமே.

ஓர் ஊரின் பெயருக்கு நேர்ந்த இம்மாற்றம், அரசு ஆய்வுகளில் பதிவு செய்யப்பட்ட மண், பாறை, நீர்நிலை, விலங்கு ஆகியவற்றின் பெயர்கள் பலவற்றுக்கும் நேர்ந்துள்ளது. இப்பதிவுகளைத் தமிழாக்குவோர் முன் இருவேறு வழிகள் உள்ளன. ஆங்கிலத்தில் உள்ள வடிவத்தை அப்படியே தமிழ் எழுத்தில் பெயர்த்தல் ஒன்று. அவ்வடிவத்தின் பின்னுள்ள இந்திய மொழிச் சொல்லைக் கண்டறிந்து அதிலிருந்து தமிழுக்கு வருதல் மற்றொன்று. இரண்டாம் வழியே பொருளைக் காக்கும் என்பதைத் தாபோடியையும் அதனோடு தொடர்புடைய பதிவுகளையும் சான்றாகக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தாபோடித் தோட்டமும் அதன் பதிவுகளும்

பேசுவாவின் படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைமை வகித்த ஃபோர்டு என்னும் ஆங்கில அதிகாரியின் மாளிகை தாபோடியில் இருந்தது. பம்பாய் ஆளுநர் சர் ஜான் மால்கம் காலத்தில், 1828-இல், அம்மாளிகை அரசுக்கு உரியதாயிற்று. அதனைச் சார்ந்து தாவரவியல் தோட்டமும் அமைக்கப்பட்டது. சார்லஸ் லஷ் என்பாருக்குப் பின், 1838-இல், மருத்துவரான அலெக்சாண்டர் கிப்சன் (1800-1867) அதன் கண்காணிப்பாளரானார். அயல்நாட்டுப் பயிர்களை இந்நிலத்தில் வளர்த்துப் பார்த்தல், இராணுவ மருந்தகங்களுக்கு வேண்டிய மூலிகைகளை விளைவித்தல், மாகாணத்துத் தாவரங்களை அடையாளம் காணுதல் ஆகியன தோட்டத்தின் பணிகள். 1847-இல் கிப்சன் பம்பாய் மாகாணத்தின் காடுகளுக்குக் காப்பாளராகவும் அமர்த்தப்பட்டார். டால்செல் என்பாருடன் இணைந்து அவர் எழுதிய பம்பாய் மாகாணத் தாவர நூல் 1861-இல் வெளிவந்தது. 1865-இல் தோட்டம் மூடப்பட்டது. ஆளுநர் மாளிகையும் கணேசகிண்டுக்கு மாறியது. இன்று அம்மாளிகை புணே பல்கலைக்கழக வளாகத்தில் உள்ளது.

1847 முதல் 1850 வரையிலான ஆண்டுகளில் இத்தோட்டத்துத் தாவரங்களை ஓவியர் ஒருவர் வண்ணத்தில் வரைந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட அவ்வோவியங்கள் எடின்பரோ அரசுத் தாவரவியல் தோட்டத்து நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைப் பற்றிய எச். ஜே. நோல்ட்டியின் நூல் 2002-இல் வெளியாயிற்று. வரைந்தவர் போர்த்துகீசிய-இந்திய மரபினர் என்பதற்கு மேல் அவர் பெயர் பதிவில் இல்லை. செடிகளின் இலத்தீன் பெயர்கள் நிலைத்தன; வரைந்தவர் பெயர் நிலைக்கவில்லை. தோட்டத்தின் பெயரும் ‘தபூரி ஓவியங்கள்’ என்னும் தொடரில் திரிந்த வடிவிலேயே வழங்குகிறது.

அரசு சார்ந்த இவ்வகை ஆய்வு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் மீண்டும் விரிவு பெற்றது. நிலத்தடி நீரைத் துளையிட்டு ஆராய்வதற்கான குழாய்க்கிணற்று அமைப்பு 1954-இல் தோன்றியது. இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் மேற்கு வட்டம் 1955-இல் புணேயில் நிறுவப்பட்டது. இப்பிற்கால ஆய்வுகள் முற்காலப் பதிவுகளின் சொற்களை மரபுரிமையாகப் பெற்றன. எனவே முற்காலச் சொற்களின் வரலாறு இன்றைய மொழிபெயர்ப்பாளருக்கும் தேவைப்படுகிறது.

3. ஒலிமாற்றம்: டகரம் ரகரமாதல்

மராத்தியில் உயிரொலிகளுக்கு இடையில் வரும் ஒலிப்புடைய வளைநா டகரம் பெரும்பாலும் வருடொலியாக ஒலிக்கப்படும். ஆங்கிலத்தில் இவ்வொலி இல்லை. ஆங்கிலேயர் செவிக்கு அது ரகரமாகப் பட்டது, அவ்வாறே எழுதினர். இதனால் ‘தாபோடி’ என்பதன் ஈற்றசை ‘ரி’ ஆயிற்று.

இது தனி ஒரு சொல்லுக்கு நேர்ந்தது அன்று. தாபோடிக்கு அண்மையில் உள்ள ‘கட்கி’ ஆங்கிலப் பதிவுகளில் ‘கிர்க்கீ’ ஆயிற்று. புணேயின் கிழக்கே உள்ள ‘கோர்படி’ ‘கோர்புரி’ ஆயிற்று. தபூரி, கோர்புரி ஆகிய இரண்டிலும் ஈறு ‘புரி’ என்றே முடிவது கருதத்தக்கது. ஒலித்திரிபோடு, ஊர்ப்பெயர்களில் பரவலாக வழங்கும் ‘புரி’ என்னும் ஈற்றின் ஈர்ப்பும் இங்குச் செயற்பட்டிருத்தல் கூடும்.

தமிழறிந்தோர்க்கு இம்மாற்றம் புதிதன்று. தூத்துக்குடி ‘டூட்டிகொரின்’ ஆனதிலும், தரங்கம்பாடி ‘டிராங்கிபார்’ ஆனதிலும் இதே டகரம் இதே வகையில் ரகரமாயிற்று.

இத்திரிபால் இழக்கப்படுவது ஒலி மட்டுமன்று. மராத்தியில் ‘கடக்’ என்பது பாறையைக் குறிக்கும் சொல். கட்கி, கடக்வாசலா ஆகிய ஊர்ப்பெயர்கள் அதனோடு தொடர்புடையனவாகக் கருதப்படுகின்றன. ‘கோர்பட்’ என்பது உடும்பைக் குறிக்கும் சொல். கோர்படி என்னும் பெயரை அதனோடு இணைத்துக் காண இடமுண்டு. கிர்க்கீ என்னும் வடிவில் பாறை மறைந்துவிடுகிறது. கோர்புரி என்னும் வடிவில் உடும்பு மறைந்துவிடுகிறது. நிலவியலாருக்கும் உயிரியலாருக்கும் பயன்படக்கூடிய குறிப்பு எழுத்துக்கூட்டில் அழிந்து போகிறது.

தமிழ் எழுத்திலும் இழப்பு இல்லாமல் இல்லை. ‘தாபோடி’ என எழுதும்போது, முதலில் உள்ள ஒலிப்புடைய தகரம் தமிழ் வழக்கில் ஒலிப்பிலா ஒலியாகும். இடையில் உள்ள ஒலிப்பிலாப் பகரம் உயிர்களுக்கு இடையே நிற்பதால் ஒலிப்புடையதாகும். ஆயினும் ஈற்றில் உள்ள டகரம் தமிழில் இயல்பாகவே வருடொலியாக ஒலிக்கப்படுவதால் மராத்தி ஒலியோடு நெருங்கி நிற்கிறது. ஆங்கில எழுத்து காத்த தகர பகரங்களைத் தமிழ் எழுத்து காக்கவில்லை. ஆங்கில எழுத்து இழந்த டகரத்தையும் ஓகாரத்தையும் தமிழ் எழுத்து காக்கிறது. ‘தபூரி’ எனத் தமிழில் எழுதினாலோ இருவகை இழப்புகளும் ஒருங்கு சேர்ந்துவிடும். ஆங்கில வழி ஒலிபெயர்ப்பை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

4. நிலவியற் சொற்கள்

தாபோடி அமைந்துள்ள நிலம், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்த கருங்கற் பாறைகளால் ஆனது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரின் பிற்பகுதி, படிக்கட்டைக் குறிக்கும் சுவீடிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது. மலைச்சரிவுகள் படிப்படியாகத் தோன்றுவதே காரணம். அதே எழுத்துக்கூட்டுடைய ஆங்கிலச் சொல்லுக்கு ‘விலங்குகளைப் பிடிக்கும் பொறி’ என்னும் பொருளும் இருத்தலால், ‘தக்காணப் பொறி’ எனப் பெயர்க்கும் பிழை எளிதில் நேரும். ‘தக்காணப் படிப்பாறை’ என்பதே சொல்லின் பிறப்புக்கும் பொருளின் தோற்றத்துக்கும் ஒத்தது.

இதற்கு மறுதலையான வரலாறு உடையது செம்புரைக்கல்லைக் குறிக்கும் ‘லாட்டரைட்’ என்னும் சொல். அரசின் ஆணைப்படி 1800-1801-இல் தென்னாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், இன்றைய கேரளத்தின் அங்காடிப்புரத்தில் இக்கல்லைக் கண்டார். மண்ணிலிருந்து மென்மையாக வெட்டி எடுத்துக் காற்றில் உலரவிட்டால் கடினமாகும் இக்கல்லை மக்கள் கட்டடங்களுக்குப் பயன்படுத்தினர். உள்ளூர் மொழிகள் சிலவற்றில் இதற்குச் ‘செங்கற்கல்’ என்னும் பொருளுடைய பெயர் வழங்கியதை அவர் குறித்தார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அவர் ஆக்கிய பெயர் 1807-இல் வெளிவந்த அவர்தம் நூலில் இடம்பெற்றது. உலகெங்கும் வழங்கும் இந்த அறிவியற் சொல், தென்னிந்தியப் பெயர் ஒன்றை அடியொற்றிய கடன்மொழிபெயர்ப்பாகவே தோன்றுகிறது.

மூன்றாம் வகை, இந்தியச் சொல் அப்படியே ஆங்கிலத்தில் நுழைந்தது. கரிசல் மண்ணுக்கு நிலவியல் நூல்கள் வழங்கும் ‘ரெகர்’ என்னும் பெயர் தெலுங்கின் ‘ரேகடி’ என்பதிலிருந்து வந்தது. மண்ணிலும் ஆற்றோரங்களிலும் காணப்படும் சுண்ணாம்புக் கட்டிகளைக் குறிக்கும் ‘கங்கர்’ இந்திச் சொல். தமிழில் அதற்குச் ‘சுக்கான் கல்’ என்னும் பெயர் உள்ளது. தமிழில் உயிருள்ள சொல் வழங்கும்போது ‘ரெகர் மண்’, ‘கங்கர்’ என எழுதுதல் ஒரு திராவிட மொழிச் சொல்லையோ அண்டை மொழிச் சொல்லையோ ஆங்கிலச் சொல்லாகக் கருதிய பிழையாகும்.

தமிழ்நாட்டு நிலவியலிலும் இத்தகைய சிக்கல் உண்டு. திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் சுண்ணாம்புப் பாறைத் தொகுதிகளை 1862-இல் விவரித்த எச். எஃப். பிளான்ஃபோர்டு, அவற்றுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் ஊர்களின் பெயர்களை இட்டார். முதற் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டைப் பின்பற்றி ‘உத்தத்தூர்’ என்றோ ‘உட்டாட்டூர்’ என்றோ தமிழில் எழுதினால், தமிழ்நாட்டு ஊர் ஒன்று தமிழிலேயே அடையாளம் இழந்துவிடும்.

5. நீர், காடு பற்றிய சொற்கள்

1840-களில் கிப்சன் அரசுக்கு எழுதிய கடிதங்களில், கொங்கணத்து மலைச்சரிவுகளில் மரங்கள் வெட்டப்பட்டமையால் நீரூற்றுகள் வற்றுவதாகக் கவலை தெரிவித்தார். இதே காலத்தில் சென்னை மாகாணத்தில் எட்வர்டு பால்பர், மரங்களுக்கும் மழை, ஈரப்பதம் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பு பற்றி 1849-இல் கட்டுரை வெளியிட்டார். 1856-இல் சென்னை மாகாணக் காடுகளின் காப்பாளரான ஹியூ கிளெக்கார்னும் இவ்விவாதத்தில் பங்கு கொண்டவர். காடு காத்தலுக்கு நீர் மட்டுமே காரணமன்று; கப்பல் கட்டத் தேவைப்பட்ட தேக்கு குறைந்து வந்தமையும் அரசை இயக்கியது. காட்டுக்கும் ஊற்றுக்கும் உள்ள உறவு, மண், பாறை, சரிவு ஆகியவற்றுக்கேற்ப மாறுபடும் என இன்றைய நீரியல் கூறுகிறது. எனவே கிப்சனின் கூற்றை மொழிபெயர்ப்போர் அதனை வலுப்படுத்தாமலும் மெலிவிக்காமலும் பெயர்த்தல் வேண்டும்.

இங்கு நான்கு சொற்கள் ஆராயத்தக்கன.

(அ) ஊற்று, சுனை: ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படும் இவை தமிழில் வேறானவை. ஆற்று மணலில் தோண்டியதும் சுரப்பது ஊற்று. மலைப்பாறையில் கசிந்து தேங்குவது சுனை. தக்காணப் படிப்பாறையில், நீர் புகும் துளையுள்ள அடுக்கு, நீர் புகாத இறுகிய அடுக்கின் மேல் அமைந்திருக்கும். அவ்விரண்டும் சந்திக்குமிடம் சரிவில் வெளிப்படும்போது நீர் கசியும். மலைச்சரிவு பற்றிய கிப்சனின் குறிப்புகளுக்குச் ‘சுனை’யே பொருந்தும்.

(ஆ) முரும்: படிப்பாறை சிதைந்து உதிர்ந்த நிலையில் உள்ள அடுக்கு மராத்தியில் ‘முரூம்’ எனப்படும். இதனைச் ‘சரளை’ எனப் பெயர்த்தால், ஆறு உருட்டிக் கொணர்ந்த கல் என்றோ செம்புரைச் சரளை என்றோ வாசகர் கொள்வர். முரும் என்பதோ இருந்த இடத்திலேயே சிதைந்த பாறை. திறந்த கிணறுகளுக்கு நீர் தரும் அடுக்குகளில் அதுவும் ஒன்று. கிணறு எங்கே தோண்டலாம் என்னும் முடிவு இச்சொல்லைச் சார்ந்து நிற்கிறது. ‘சிதைந்த படிப்பாறை’ என விளக்கமாகப் பெயர்த்தலே தக்கது.

(இ) குமரி: காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்துச் சில ஆண்டுகள் பயிரிட்டுப் பின் வேறிடம் செல்லும் வேளாண்முறைக்குக் கன்னடத்தில் வழங்கும் பெயர் ஆங்கிலப் பதிவுகளில் ‘கும்ரி’ எனப்படும். தமிழில் ‘குமரி’ என எழுதினால் பெண்ணையோ, ஊரையோ, கற்றாழையையோ குறிப்பதாக வாசகர் மயங்குவர். காட்டுத் துறையினர் இம்முறையைக் கண்டித்து எழுதினர். அவர்தம் கண்டனத்தைச் சொல்லிலேயே ஏற்றி ‘காட்டழிப்பு வேளாண்மை’ எனப் பெயர்த்தல் மூலத்தில் இல்லாததைச் சேர்த்தலாகும். கன்னடச் சொல் தொழிலைப் பெயரிடுகிறதே அன்றிப் பழிக்கவில்லை. தமிழில் மலைத் தினைநிலத்துக்கு வழங்கும் ‘புனம்’ என்னும் பழஞ்சொல் பழிப்போ புகழ்ச்சியோ இன்றி நிற்பது. ‘புன வேளாண்மை’ என்னும் தொடர் இங்குப் பெரிதும் பொருந்தும்.

(ஈ) ஜங்கிள்: வடமொழியில் ‘ஜாங்கலம்’ என்பது வறண்ட, திறந்த நிலத்தைக் குறித்தது. இந்தி வழியாக ஆங்கிலம் சென்ற பின்னரே அடர்காடு என்னும் பொருள் அதற்கு மேலோங்கியது. 19-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் பயிரிடப்படாத புதர்நிலமும் இச்சொல்லால் சுட்டப்படுகிறது. எல்லா இடங்களிலும் ‘அடர்ந்த காடு’ என எழுதினால், அன்று எவ்வளவு காடு இருந்தது என்பது பற்றிய தவறான எண்ணம் உருவாகும். தமிழின் ‘காடு’ என்னும் சொல்லும் இத்தகையதே. கொங்கு நாட்டில் அது புன்செய் நிலத்தையும் குறிக்கும். இடம் நோக்கிப் ‘புதர்க்காடு’, ‘தரிசு’, ‘அடர்காடு’ என வேறுபடுத்துதல் மொழிபெயர்ப்பாளரின் கடன்.

6. உயிரினப் பெயர்கள்

புணேயை மையமாகக் கொண்டு தக்காணத்தின் உயிரினங்களை முதலில் முறையாகப் பதிவு செய்தவர்களுள் வில்லியம் ஹென்றி சைக்ஸ் குறிப்பிடத்தக்கவர். பம்பாய் அரசு 1824-இல் அவரைப் புள்ளிவிவரப் பதிவாளராக அமர்த்தியது. மக்கள்தொகை, வேளாண்மை ஆகியவற்றோடு பாறைகள், பறவைகள், விலங்குகள் ஆகியவற்றையும் அவர் ஆராய்ந்தார். செந்நாய்க்கு 1831-இல் அவர் இட்ட இலத்தீன் பெயரின் பிற்பகுதி ‘டுக்குனென்சிஸ்’. அது தக்காணம் என்பதன் திரிபே. மராத்திச் சொல்லின் குறுகிய அகரத்தை, ஆங்கிலத்தில் அதற்கு நெருங்கிய ஒலியைக் குறிக்கும் உகர எழுத்தால் எழுதுவது அக்கால வழக்கம். விலங்கியல் பெயரிடு விதிகளின்படி முதலில் வெளியான எழுத்துக்கூட்டே காக்கப்படுவதால், ஒரு காலத்து எழுத்து வழக்கு இலத்தீன் பெயரில் உறைந்து நிற்கிறது. தமிழில் இலத்தீன் பெயரை உள்ளவாறே எழுதலாம். ஆனால் நிலத்தைச் சுட்டுமிடத்தில் ‘தக்காணம்’ என்றே எழுத வேண்டும்.

செந்நாய்க்கு மராத்தியர் வழங்கும் பெயராகச் சைக்ஸ் ‘கோல்சன்’ என்பதைக் குறித்தார். மராத்தியில் அது ‘கோளசுந்தா’ என்னும் வடிவோடு தொடர்புடையது. ஆங்கில எழுத்தில் லகர ளகர வேறுபாடு இல்லை, தமிழில் உண்டு. மராத்தி ளகரத்தை உள்ளவாறு எழுதும் வாய்ப்பு தமிழுக்கு இருந்தும் ஆங்கில வழி வந்தால் அது பயனற்றுப் போகிறது. முளா ஆற்றின் பெயரை ‘முலா’ என எழுதுவதும் இவ்வகைப் பிழையே.

கீரிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் மராத்தியின் ‘முங்கூஸ்’ என்பதிலிருந்து பெறப்பட்டது. தெலுங்கு, கன்னட மொழிகளில் ‘முங்கி’ முதலான வடிவங்கள் உள்ளன. தொல்காப்பிய மரபியலில் இடம்பெறும் ‘மூங்கா’ என்னும் பெயரை இவற்றோடு ஒப்பிட்டு ஆராய இடமுண்டு. ‘தேக்கு’ என்னும் சொல்லும் மலையாளம், போர்த்துகீசியம் வழியாக ஆங்கிலம் சென்று, அம்மரத்தின் இலத்தீன் இனப்பெயரிலும் இடம்பெற்றது. இவை தென்னிந்திய மொழிகள் அறிவியலுக்குக் கொடுத்தவை. அவற்றை அயற்சொற்களாக எண்ணி மீண்டும் கடன் வாங்குதல் வேண்டா.

7. தமிழ் வழக்குகளுக்கிடையே வேறுபாடு

துறைப்பெயர்களிலும் ஒருமை இல்லை. தமிழ்நாட்டில் ‘நிலவியல்’ எனப்படுவது இலங்கையில் ‘புவிச்சரிதவியல்’ எனப்படும். இங்கு ‘நிலத்தடி நீர்’. அங்குத் ‘தரைக்கீழ் நீர்’. இங்கு ‘வனவிலங்கு’, ‘காட்டுயிர்’, அங்கு ‘வனசீவராசிகள்’. ‘வனவிலங்கு’ என்பது பறவை, ஊர்வன, தாவரம் ஆகியவற்றை விலக்குவதுபோல் தோன்றும். ‘காட்டுயிர்’ அனைத்தையும் தழுவும். எவ்வழக்கைக் கொள்ளினும் நூல் முழுவதும் ஒன்றையே கொள்ளுதல் நன்று.

8. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து பின்வரும் நெறிகளைத் தொகுக்கலாம்.

(1) ஊர்ப்பெயர்களை அவ்வூரின் மொழியிலிருந்து நேரடியாகத் தமிழ்ப்படுத்த வேண்டும். பழைய ஆங்கில வடிவத்தை முதன்முறை வருமிடத்தில் மட்டும் குறித்தால், மூல ஆவணத்தைத் தேடுவோர்க்கு அது துணையாகும்.

(2) ஒரு கலைச்சொல் ஒலிவழி எழுதப்பட்டதா, கடன்மொழிபெயர்ப்பா, முழுதும் புதிதாக ஆக்கப்பட்டதா என்பதை முதலில் வகைப்படுத்த வேண்டும். வகைக்கேற்ப மொழிபெயர்ப்பு முறை மாறும்.

(3) தமிழில் உயிருள்ள சொல் இருக்குமிடத்தில் அதனையே கொள்ள வேண்டும். பொருள் முற்றும் ஒவ்வாத இடத்தில் விளக்கத்தொடர் அமைக்க வேண்டும்.

(4) தொழிலையோ நிலப்பயன்பாட்டையோ குறிக்கும் சொல்லில், அறிக்கை எழுதியவரின் கண்டனத்தை ஏற்றிவிடலாகாது.

தாபோடித் தோட்டத்தில் கிப்சனுக்குச் செடிகளின் பெயரைச் சொன்ன தோட்டக்காரர்கள், சைக்சுக்குக் காட்டு நாயின் பெயரைச் சொன்ன ஊரார், செடிகளை வரைந்த ஓவியர் ஆகியோரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் சொன்ன சொற்கள் சிலவே திரிந்த வடிவில் எஞ்சியுள்ளன. அவர்தம் அறிவுக்கு அச்சொற்களே சான்று. அவற்றை உரிய மொழியில் அடையாளம் கண்டு தமிழுக்குக் கொணர்தல் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இணைந்து ஆற்ற வேண்டிய பணியாகும்.